பிளேட் கீறல்கள்

என் வேலையை யாருக்கும் விளக்கிச் சொல்லி நான் வென்றதில்லை. கல்லடியில் பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள்: "ஊசி போடுறதும் இல்ல, மருந்து கட்டுறதும் இல்ல. அப்ப ஆசுபத்திரியில என்னதான் செய்யிறீங்க?" அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் காயத்தில் சீழ் பிடிக்கிறதா என்று பார்த்து எழுதுவதுதான் என் வேலை. பிடித்தால் ஏன் பிடித்தது என்று தேட வேண்டும். தேடினால் ஆள் அகப்படும். அந்த ஆள் பெரும்பாலும் என்னோடு தேநீர் குடிக்கிற ஆளாகவே இருக்கும். வார்டுத் தாதிகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் சிஐடி. நான் வருவது தெரிந்தால் கை கழுவும் குழாயடியில் கூட்டம் சேரும், நான் படி இறங்கியதும் கலைந்துவிடும். எத்தனையோ வருடம் வார்டில் நின்று தேய்ந்தவளுக்கு இந்தக் கூத்து எரிச்சலைத்தான் தரும்.

ஆபரேஷன் தியேட்டருக்குப் பின்னால் இருந்த பழைய சாமான் அறையை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வாவி. பெயின்ட் அடித்தவர்கள் ஜன்னலையும் சட்டத்தையும் சேர்த்து அடித்துவிட்டதால் அது திறப்பதில்லை. அங்கே உட்கார்ந்துதான் பிள்ளை பெற்று, துண்டு வெட்டி விடுவிக்கப்பட்டு வீடு போன தாய்மாருக்குத் தொலைபேசி எடுப்பேன். ஒரு மாதம் வரை காயத்தை விசாரிக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "ஒண்டுமில்ல மிஸ், நல்லா இரிக்கு." ஏசுவேன் என்ற பயம் அவர்களுக்கு. காய்ச்சல் கொதித்து, ஆட்டோவில் தூக்கி வந்து போடும்வரை எல்லாம் நல்லாத்தான் இருக்கும்.

மாதம் ஒருவர் இருவர் அப்படித் திரும்பி வருவதுண்டு; அந்த மாதம் ஐந்து பேர் வந்தார்கள். ஐந்து பேரும் முன்கூட்டியே நாள் குறித்து வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்தவர்கள். மகப்பேற்று வைத்தியர் என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு கிழமைக்குள்ள காரணம் வேணும், சிஸ்டர்" என்றார். கருவிகளை அவிக்கும் இயந்திரத்தைப் பார்த்தேன், கட்டுத் துணியைப் பார்த்தேன், தியேட்டருக்குள் ஒவ்வொருவர் கையையும் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. தியேட்டருக்குப் பொறுப்பான சிஸ்டர் என்னோடு படித்தவர். அவர் என்னோடு கதைப்பதை நிறுத்தியது மட்டும்தான் கண்ட மிச்சம்.

ஐந்தாவதாக வந்தவள் காத்தான்குடிப் பிள்ளை. தலைப்பிள்ளை. தையல் விட்டுக் காயம் வாயைத் திறந்திருந்தது. திரையை இழுத்துவிட்டு நானே மருந்து கட்ட உட்கார்ந்தேன். காயத்தைச் சுற்றி, மேலும் கீழும், ஆறிவந்த சின்னச் சின்னக் கீறல்கள். எங்கள் வார்டில் பிளேட் கிடையாது. தோலைக் கீறாமல் மயிரை மட்டும் கத்தரிக்கும் மெஷினைப் போராடி வாங்கிக் கொடுத்தவளே நான்தான். இது எப்படி வந்தது என்று கேட்டேன். அவள் சுவரைப் பார்த்தாள். அவளுடைய உம்மா தேநீர் வாங்கப் போன பிறகுதான் வாய் திறந்தாள்.

"வீட்டயே வழிச்சிட்டு வந்தன் மிஸ். முதல் நாள். மாப்புளட பிளேட்டால."

"இந்த வயித்தோட எப்பிடிம்மா?"

"கண்ணுக்குத் தெரியல்லதான். தடவித் தடவித்தான் வழிச்ச."

"ஆரு உங்களுக்கு இப்பிடிச் சொன்ன?"

"கிளினிக் வாசல்ல இரிக்கிற அம்மா. இஞ்ச வந்து மத்தாக்களுக்குக் காட்டத் தேவல்ல, வெக்கமில்ல எண்டு சொன்ன. நல்ல அம்மா மிஸ், அவக்கு ஏசிப்போடாதீங்க."

எங்கள் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக் வாசலில் இருப்பவர் ஒரு சிற்றூழியர் அக்கா. முழங்கால் தேய்ந்து, மாடி ஏற முடியாமல், உட்கார்ந்து செய்யும் வேலை என்று அங்கே விடப்பட்டவர். அவர் சொன்னது தெரிந்தவுடன், அதை அவருக்கு யார் சொன்னது என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

நான்தான். பல வருடங்களுக்கு முன்பு, பிரசவ வார்டைச் சில மாதம் நான் பொறுப்பெடுத்துப் பார்த்தபோது. காலையில் நான்கு தாய்மாரை ஆயத்தப்படுத்த ஒரேயொரு சிற்றூழியர், இந்த அக்காதான். இன்னும் அனுப்பவில்லையா என்று தியேட்டரிலிருந்து போன் மேல் போன். பொறுக்க முடியாமல் ஒருநாள் அவரிடம் சொன்னேன்: "அக்கா, கிளினிக்குக்கு வாறாக்களிட்டச் சொல்லிவிடுங்க, வீட்டயே வழிச்சிட்டு வரட்டும். அவங்களுக்கும் வெக்கமில்ல, நமக்கும் வேல மிச்சம்." அதன் பிறகு எல்லாம் நேரத்துக்கு நடந்தது. என்னைப் பாராட்டினார்கள், நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். பிளேட் கீறலில்தான் கிருமி குடியேறும், அதுவும் முதல் நாளே வழித்தால் இன்னும் மோசம் என்று பின்னால் பயிற்சியில் படித்தேன். வார்டு வார்டாக அறிவித்தல் ஒட்டினேன். அந்தக் கிளினிக் வாசல் மட்டும் என் நினைவுக்கே வரவில்லை.

அன்று பின்னேரமே போய் அக்காவிடம் இனி அப்படிச் சொல்ல வேண்டாம் என்றேன். "சரி சிஸ்டர்" என்றார், ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அடுத்த கிளினிக்கில் நானே நின்று எல்லாத் தாய்மாருக்கும் சொன்னேன். அதோடு தொற்று நின்றுவிடும். ஆனால் அறிக்கை எழுத வேண்டும்.

அக்காவை எழுதினால் அவரைக் கிளினிக்கிலிருந்து தூக்கிவிடுவார்கள், அந்தக் காலோடு மாடிக்குத்தான் அனுப்புவார்கள். என்னை எழுதினால் நாளைக்கு எந்த வார்டுக்குள் போய் எவருடைய கையைப் பார்ப்பது? ஸ்கூட்டரில் பாலத்தைக் கடக்கும்போது வாய்விட்டே கதைத்துக்கொண்டு போனேன். ஒருநாள் துணிந்து என் பெயரை எழுதினேன், உடனே தாளைக் கிழித்துப் போட்டேன். வேலை போகும் என்று நான் பயப்படவில்லை. மானம் போகும் என்றுதான் பயந்தேன். கடைசியில் பெயரே இல்லாமல், வீட்டில் வழித்தது காரணம் என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். பெரிய கெட்டித்தனம் செய்துவிட்டதாக நினைப்பு.

கூட்டத்தில் வைத்தியர் முதல் வரியிலேயே பிடித்துக்கொண்டார். "வழிச்சிட்டு வரச் சொன்னது ஆரு?" அக்காவைக் கூப்பிட்டார்கள். உட்காரக் கதிரை கொடுக்கவில்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நான்தான் சேர்."

"உங்களுக்கு ஆரு சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல்ல சேர். நானாத்தான் சொன்னன்."

என்னைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன், பார்க்கவில்லை. அதைத் தாங்க முடியாமல் எழுந்தேன். "இல்ல சேர். அவக்கு நான்தான் சொன்னனான். வார்டுல பொறுப்பா நிண்ட காலத்தில."

வைத்தியர் சிரித்தார். "சிஸ்டர், உங்களுக்கு இரக்கம் கூட. நீங்க சொன்னதெண்டா இந்த ரெண்டு கிழமையும் ஏன் சும்மா இருந்தீங்க? அறிக்கையிலயும் இல்லையே." தியேட்டர் சிஸ்டர் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அத்தனை நாள் கதைக்காமல் இருந்தவர் முதல் முறையாக என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம், திங்கட்கிழமை முதல் மாடி வார்டு என்று முடிந்தது.

வெளியே நடைபாதையில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எனக்காக இப்பிடிப் பொய் சொல்லலாமா சிஸ்டர்? உங்கட பேர்தான் கெட்டுப்போகும்."

"பொய்யில்ல அக்கா. நான்தான் சொன்னன். தியேட்டர்ல இருந்து போனுல ஏசினாங்களே, அண்டைக்கு."

யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"இல்ல சிஸ்டர். அந்தப் புள்ளையள் வெக்கத்துல அழுறதப் பாக்க ஏலாம நானாச் சொன்னது. எவ்வளவு காலமாச் சொல்லிக்கிட்டிரிக்கன், எனக்குத் தெரியாதா? அஞ்சு புள்ளையளையும் நான்தான் கெடுத்துப்போட்டன்."

திரும்பத் திரும்பச் சொன்னேன். என் கையைத் தட்டிக்கொடுத்து, "சரி சரி" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார்.