நிரந்தர முகவரிக்கு ஒரு சாட்சி

தில்லியில் எங்கள் கரோல் பாக் பகுதிக் காவலர் மூன்றாவது முறையாக என் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்தார். "அங்கிள்ஜி, இந்தத் தடவையும் ஒரு குற்றமும் பண்ணலையா? என்ன ஆள் நீங்க!" என்று இந்தியில் கேலி செய்துவிட்டு, படிவத்தில் கையெழுத்திட்டுப் போனார்.

மத்திய அரசில் முப்பத்தாறு ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். மனைவி போனபின் பகலைத் தனியே கழிக்க முடியாமல் பள்ளிக்கூடங்களில் கணக்கு வேலை பார்க்கிறேன். இது மூன்றாவது பள்ளி. குற்றப் பின்னணி இல்லை என்ற சான்றை ஒவ்வொன்றும் புதிதாகக் கேட்கிறது. பழையது செல்லாது, இடையில் ஏதாவது செய்திருக்கலாமாம். பிள்ளைகள் படிக்கிற இடம், கேட்பது நியாயம்தான். ஆனாலும் என் பெயருள்ள வேறு எவனாவது திருடியிருப்பானோ என்று எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

இந்த முறை நிரந்தர முகவரியிலும் விசாரிப்பார்கள் என்றார்கள். வழக்கம்போல, பூட்டிக் கிடக்கும் மன்னார்குடி வீட்டைத்தான் எழுதியிருந்தேன். அரசு வேலையில் சேர்ந்தபோதும் அங்கே விசாரணை நடந்தது. போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்துவதற்குள் ஒன்பது பேர் கூடி, கேட்காத நல்லதையெல்லாம் சொன்னார்கள். "போதும்யா, நான் என்ன பொண்ணு குடுக்கவா விசாரிக்கிறேன்?" என்றார் அவர்.

இப்போது மன்னார்குடிக் காவலர் தொலைபேசியில் அழைத்தார். தெருவில் யாருக்கும் என்னைத் தெரியவில்லையாம். தெரிந்தவர் ஒருவர் பெயர் போதும் என்றார். ஐந்து பெயர்கள் சொன்னேன். மூவர் இறந்திருந்தார்கள், இருவர் ஊரை விட்டே போயிருந்தார்கள்.

"நீங்க பேசறதக் கேட்டாலே நம்ம ஊருன்னு தெரியுது சார். ஆனா அத எழுதிக் குடுக்க முடியாதே," என்றார்.

பள்ளி அலுவலகத்தில் ஒரு தமிழ்ப்பெண், தில்லியில் பிறந்தவள். என் கவலையைக் கேட்டுவிட்டு, "அங்கிள், ரெண்டு இடத்துலயும் தில்லி அட்ரஸே போடுங்க. ஜல்தி ஆயிடும்," என்றாள். வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் புதிதாக ஒரு படிவம் வாங்கி அப்படியே எழுதிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் சான்று வந்தது. வேலையில் சேர்ந்துவிட்டேன்.

நேற்று மதியம் ஊர்க் காவலர் மறுபடி அழைத்தார். "சார், ஒருத்தர் கெடச்சுட்டாரு. சைக்கிள் கடை கலியமூர்த்தி. 'கணக்குல நூறு வாங்குவானே, டில்லிக்குப் போனானே, அவனா? உசுரோட இருக்கானா?'ன்னு கேக்கறாரு. பக்கத்துலதான் நிக்கறாரு."

எல்லாம் முடிந்துவிட்டது, இனி எதுவும் தேவையில்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

"கையெழுத்து வாங்கி வெச்சுக்குங்க தம்பி," என்றேன்.