நடுக்கண்ணின் மேல் ஓர் இடம்

தெய்வசிகாமணி என் தெருக்காரன். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்ப் படுத்தபோது அவன் கல்லூரி மாணவன். அவன் தாய் குஞ்சம்மாள் பொழுது விடிந்தால் களையெடுக்கப் போய்விடுவாள். நான் நர்ஸ். டியூட்டி முடிந்து வந்து அவனைப் புரட்டி, முதுகைத் துடைத்து, புண்ணுக்கு மருந்து வைப்பேன். வருஷக்கணக்கில் இதுதான் வேலை.

கள்ளக்குறிச்சியில் ஆற்றின் மேல் வெள்ளைக்காரன் காலத்துக் கல்பாலம். அதன் வளைவுகளைக் கண் என்போம். கல்லூரி விட்டால் பிள்ளைகள் அதன் கைப்பிடிச் சுவரில்தான். அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. முதல் வருஷம் நிற்க வேண்டும். இரண்டாம் வருஷம் ஓரத்தில் உட்காரலாம். காற்று வரும் நடுக்கண், மூன்றாம் வருஷத்துக்கு மட்டும். தெய்வசிகாமணி காத்திருந்து அந்த இடத்துக்கு வந்து சில வாரம்தான் உட்கார்ந்தான். இட ஒதுக்கீட்டு மறியல் வந்துவிட்டது.

சாலையை அடைக்க ஊரெல்லாம் மரம் வெட்டினார்கள். இந்தக் கல்லூரிப் பிள்ளைகள் வெட்டியது பாலத்து முனையிலிருந்த புளியமரத்தை. வெயில் தாழும்வரை இவர்கள் ஒதுங்கி நின்ற மரம் அதுதான். கைக்கு எட்டியதும் அதுதான். கயிறு இழுத்த தெய்வசிகாமணி விலகுவதற்குள் கிளை அவன் இடுப்பில் விழுந்தது.

மூன்று வருஷம் கழித்து ஒருநாள் கேட்டான். "அக்கா, ஒரு தடவ நடுக்கண்ணுல குந்தணும்."

"குந்த முதுகு வேணும். உனக்கு அது இல்ல."

"நீங்க புடிச்சிக்கினு இருங்க."

"இன்னாத்துக்குடா இதெல்லாம்? வுழுந்தா நான்தான அள்ளணும்?" என்றாள் குஞ்சம்மாள்.

கூடப் படித்த இளஞ்செழியன் தள்ளுவண்டி கொண்டுவந்தான். சுவரில் உட்கார வைத்து, போர்வையை இடுப்பில் கட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம்.

அங்கிருந்தவர்கள் புதுப் பிள்ளைகள். "அண்ணே, அது மூணாம் வருசத்து எடம். எறங்குங்க."

இளஞ்செழியன் முறைத்தான். தெய்வசிகாமணி, "நானும் மூணாம் வருசம்தாம்பா. இன்னும் பரீட்ச எழுதல," என்றான்.

"எத்தினி அரியர்ணே?"

"அல்லாமே."

"அப்ப இங்கியே வூடு கட்டிக்குங்க!" சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் விட்டார்கள். அவனும் சிரித்தான்.

கொஞ்ச நேரத்தில் ஒருவன் சட்டையால் கழுத்தைத் துடைத்தான். "பாலத்து முனையில பெரிய மரம் இருந்துச்சாமே. எந்தப் புண்ணியவான் வெட்டுனானோ, வெயில்ல வேவறோம்."

தெய்வசிகாமணி என் பக்கம் சாய்ந்தான். என் தோளில் அவன் பாரம் கூடியது.

"போதும்க்கா. போலாம்."

வீட்டில் திருப்பிப் பார்த்தேன். ஆறிவந்த புண் கல்லில் உரசித் திறந்திருந்தது. கழுவிக் கட்டினேன்.

"ஆச தீந்துதா?" என்றாள் குஞ்சம்மாள்.

"காத்து நல்லாத்தான் வந்துச்சு. நெழல்தான் இல்ல."

சுவர்ப் பக்கம் திருப்பிவிடச் சொன்னான். திருப்பிவிட்டேன். அதன்பின் சாகும்வரை அவன் பாலத்தைக் கேட்கவில்லை.