வலது பக்கம் திருப்பினால் அணையும் விளக்கு

போன வாரம் செவ்வாய்க்கிழமை. இன்னும் விடியவில்லை. அசாம் ஜாவாவிலிருந்து கோல சிலாங்கூருக்குப் போகும் வழியில், செம்பனைத் தோட்டத்து ஓரமாக என் மோட்டார் சைக்கிள் இரண்டு முறை இருமியது. அப்புறம் நின்றுவிட்டது.

பெட்ரோல் காலி!

"முள்ளைப் பார்க்கவில்லையா டீச்சர்?" என்று கேட்பீர்கள். எங்கே பார்ப்பது? மீட்டரில் விளக்கு எரிந்தால்தானே! ஹெட்லைட் ஜோராக எரிகிறது. ரோடு தெரிகிறது, பள்ளம் தெரிகிறது, குறுக்கே ஓடும் உடும்புகூடத் தெரிகிறது. என் மூக்குக்கு நேரே இருக்கும் மீட்டர் மட்டும் சில நேரம் எரியும், சில நேரம் எரியாது. பெட்ரோல் முள்ளும் அதற்குத் தோதாக எழுந்து நிற்கும், படுத்துக்கொள்ளும்.

நல்லவேளை, சுராவுக்குத் தொழப் போய்விட்டுத் திரும்பிய ஒரு மலாய்க்காரப் பெரியவர் தன் வீட்டிலிருந்து ஒரு பாட்டில் பெட்ரோல் கொண்டுவந்து ஊற்றினார். பாலர் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பெற்றோர்கள் பிள்ளைகளோடு காத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஃபேக்டரி ஷிஃப்டுக்கு ஓட வேண்டியவர்கள். ஒருவர்கூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இதை வீட்டுக்காரரிடம் சொன்னதுதான் தப்பு. அவர் வாயில் எதுவும் தங்காது. மத்தியானத்துக்குள் ரவாங்கில் வேலை செய்யும் மகன் தினேஷிடமிருந்து போன்.

"ம்மா, போதும்மா. மோட்டார வித்துடலாம். பத்தாங் காலியில என் பிரண்டு ஒருத்தன் இந்த மாதிரி பழைய கப்சாய் மோட்டாரா தேடித் தேடி வாங்குறான். ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவன வரச் சொல்லியிருக்கேன். நீங்க இனிமே வேன்ல போங்க. வேன்காரர்கிட்ட பேசிட்டேன்."

பேசிட்டானாம்! யாருடைய மோட்டார்? யாருடைய கால்?

வேனில் போவது கேவலம் என்று சொல்லவில்லை. ஆனால் வேனில் ஏறினால் வேன் போகிற இடத்துக்குத்தான் போக வேண்டும். வழியில் நாசி லெமாக் சோறு விற்கும் அக்காவிடம் நிற்க முடியாது. ஸ்கூல் விட்டதும், மனசு வந்தால் ஜெரம் பக்கம் ஒரு எட்டுப் போய் நல்ல மீன் வாங்கி வர முடியாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், யாரையும் கேட்காமல் நான் கிளம்புகிற ஒரே இடம் அந்த மோட்டார் சீட்டுதான். அதை விட்டுக்கொடுப்பதா?

"அதுக்குள்ள லைட்ட சரி பண்ணிட்டா?" என்று கேட்டேன்.

"பண்ணிக் காட்டுங்க, அப்புறம் நான் வாயே திறக்கல" என்றான். ஏதோ எனக்குப் பரீட்சை வைக்கிற மாதிரி!

அன்று மாலையே பட்டணத்தில் எப்போதும் போகும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். கடை முதலாளி, சீனத் தவுக்கே, மீட்டரைத் தட்டிப் பார்த்தார். "மோட்டோ துவா சூடா லா, ஆன்ட்டி" என்றார். வண்டிக்கு வயசாகிவிட்டதாம். எனக்குந்தான் ஆகிவிட்டது, அதற்காக என்னை விற்க முடியுமா? பல்பை மாற்றினார். சாவியைப் போட்டார். மீட்டர் பளிச்சென்று எரிந்தது, நியூட்ரலின் பச்சை விளக்கு எரிந்தது, பெட்ரோல் முள் விறைப்பாக எழுந்து நின்றது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். தினேஷுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

மறுநாள் காலை நேர் ரோட்டில் விளக்கு ஜம்மென்று எரிந்தது. மெயின் ரோட்டில் ஏறும் சிம்பாங் முச்சந்தி வந்தது. வலது பக்கம் திரும்பினேன். பொசுக்கென்று அணைந்துவிட்டது! திரும்பி முடித்ததும்... தானாகவே எரிந்தது.

வியாழக்கிழமையும் அதே இடம். அதே கூத்து.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அந்த சிம்பாங்லயா? அங்க மரத்தடியில முனியாண்டி இருக்காருல்ல. நீ தெனமும் ஒரு கும்பிடுகூட போடாம விர்ருனு போனா?"

"அவரு என்ன, எல்லார் லைட்டையுமா அணைச்சுக்கிட்டு இருக்காரு?"

"வாய் பேசாத. சாமி விஷயம்."

அன்று சாயங்காலம் சூடம், எலுமிச்சம்பழம், முனியாண்டிக்குப் பிடித்த சுருட்டு எல்லாம் வாங்கிக்கொண்டு போய்ப் படைத்துவிட்டு வந்தார். நானும் கூடப் போனேன். கேலி செய்ய மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. யார் உதவினாலும் சரி என்ற நிலைமை.

வெள்ளிக்கிழமை காலை சிம்பாங்கில் மோட்டாரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, மரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். பிறகு பயபக்தியோடு வலது பக்கம் திருப்பினேன்.

அணைந்தது.

சாமி மேலே கோபம் வந்ததா என்று கேட்காதீர்கள். வந்தது. அதே கோபத்தோடு பாலர் பள்ளிக்குப் போய், கேட்டுக்குள் நுழைய மறுபடி வலது பக்கம் திருப்பினேன். அங்கேயும் அணைந்தது! முனியாண்டி ஸ்கூல் வரைக்குமா கூட வருவார்?

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கோளாறு இடத்தில் இல்லை, திருப்பத்தில் இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் மோட்டார் நேராகத்தான் நின்றது. அங்கே எப்படித் தெரியும்?

அங்கேயே வாசலில் மோட்டாரை நிறுத்தி ஹேண்டிலை ஆட்டினேன். இடது... எரிகிறது. நேர்... எரிகிறது. வலது... இல்லை. மறுபடி இடது, மறுபடி வலது. புத்தகப்பையோடு நின்ற ஒரு குட்டி வாண்டு, "டீச்சர், மோட்டாருக்கு டான்ஸ் சொல்லிக் கொடுக்கிறீங்களா?" என்று கேட்டாள். ஆமாம்மா, ஞாயிற்றுக்கிழமை அரங்கேற்றம்!

ஞாயிறு காலை தினேஷ் வந்துவிட்டான். போர்ச்சில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வாங்க வருகிறவர் மதியம் வருவார். நான் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் டார்ச்லைட் பிடித்தார்.

ஹேண்டிலுக்குக் கீழே முன்பக்கக் கவரைக் கழற்றினேன். உள்ளே பார்த்தால்... கண்காட்சி! மீட்டரிலிருந்து இறங்கும் வயர்க்கட்டைச் சுற்றி, வளையல் அடுக்கிய மாதிரி மெல்லிய கம்பிகள். கம்பிக்கு நடுவே காய்ந்து சருகான செவ்வந்தி. குங்குமக் கறை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு, ஹேண்டில் இடுக்கு வழியாகக் கம்பியை உள்ளே விட்டு இவர் கட்டிய மாலைகளின் மிச்சம் அத்தனையும் அங்கேதான் இருந்தது.

மெதுவாகத் திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தேன். டார்ச்லைட் கூரையைப் பார்க்கப் போய்விட்டது.

"ஏங்க, மாலைய நூல்ல கட்ட மாட்டீங்களா?"

"நூல்ல கட்டுனா அவுந்து சக்கரத்துல மாட்டிக்கும். அதான் கம்பி."

"பூ காஞ்சதும் கம்பியை வெட்டியிருக்கலாம்ல?"

"பூஜையில கட்டுனத வெட்டலாமா? தானா விழணும்."

கம்பி தானாக எப்படி விழும்? ஒவ்வொரு வருஷமும் பழசுக்கு மேலே புதுசு. அந்த இறுக்கத்தில் ஒரு பச்சை வயர் நசுங்கிக் கிடந்தது. மீட்டரில் உள்ள எல்லாவற்றுக்கும் பொதுவான எர்த் வயர் அதுதான். மேல்தோல் நன்றாகத்தான் இருந்தது. வளைத்துப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் அறுந்திருந்தன. ஹேண்டில் நேராக இருந்தால் இரண்டு முனையும் தொட்டுக்கொள்ளும். வலது பக்கம் திருப்பினால் விலகிவிடும். மீட்டர் விளக்கு, நியூட்ரல், பெட்ரோல் முள் எல்லாம் ஒன்றாகப் படுத்துக்கொள்ளும். ஒரு வாரமாக என் தூக்கத்தைக் கெடுத்தது இவ்வளவுதான்.

எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு பாட்டு விட்டிருப்பேன். அதற்குள் அவர் மெல்லிய குரலில் சொன்னார்.

"நீ தெனமும் இருட்டுல தனியா போறியே... அவுந்துடக் கூடாதுன்னுதான் நல்லா இறுக்கிக் கட்டினேன்."

அப்புறம் என்ன திட்டுவது? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. குறட்டை விட்டுத் தூங்குகிறார் என்றல்லவா நினைத்தேன்! நான் கேட்டைத் திறந்து போகும் சத்தத்தைத் தினமும் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறார் மனுஷன்.

"சாமி, மன்னிச்சுக்கோ" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, கம்பிகளை அவரே வெட்டினார். நான் பச்சை வயரின் தோலைச் சீவி, இழைகளைச் சேர்த்து முறுக்கினேன்.

"தள்ளுங்கம்மா, டேப் நான் சுத்துறேன்" என்று தினேஷ் உட்கார்ந்தான். கட்டிய கை எப்போது அவிழ்ந்ததோ தெரியவில்லை.

"ரொம்ப இறுக்காத லா" என்றேன்.

சாவியைப் போட்டோம். இடது எரிந்தது. நேர் எரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வலது பக்கம் திருப்பினேன்... எரிந்தது! வீட்டுக்காரர் கைதட்டிவிட்டார். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

தினேஷ் மட்டும் தலையைச் சொறிந்தான். "லைட்டு சரிம்மா. ஆனா எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு."

"தெரியும்டா. உங்கப்பாவுக்கும் பயம்தான். அவரு கம்பி கட்டினாரு, நீ வேன் கட்டப் பாக்குற. ரெண்டு பேரும் இறுக்குற இறுக்குல அறுந்து போறது யாரு?"

கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தான் அவன். பிறகு சிரித்துவிட்டான். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். "சாரி ப்ரோ, ஓனர் தர மாட்டாங்களாம்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. ஓனர்! கேட்கவே எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா?

யோசித்துப் பார்க்கிறேன். நம் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள்தான் நம்மை இப்படிக் கட்டுகிறார்கள். வயசான அப்பாவைக் கடைக்குப் போக வேண்டாம் என்கிறோம். மகளை வெளியூர் வேலைக்குப் போக வேண்டாம் என்கிறோம். எல்லாம் பாசம்தான், பொய்யில்லை. மேலே பார்த்தால் தோல் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே ஏதாவது அறுந்திருக்கிறதா என்று எப்போதாவது வளைத்துப் பார்த்திருக்கிறோமா?

தினேஷ் கிளம்பும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டான். தினமும் ஸ்கூலுக்குப் போய்ச் சேர்ந்ததும் அவனுக்கும் அப்பாவுக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் தட்டிவிட வேண்டும்.

தட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டு பரவாயில்லை... எந்தப் பக்கம் திரும்பினாலும் இழுக்கவில்லை!