முதலில் பார்த்தவருக்கே துப்பாக்கி

விட்டுக்கொடுக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குமே கிடையாது. கல்யாணமான புதிதில், ஜன்னல் சீட்டு யாருக்கு என்ற சண்டையில் தென்காசியிலிருந்து திருநெல்வேலி வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் பஸ்ஸில் போயிருக்கிறோம். அப்படிப்பட்ட மனுஷன் ஐம்பதைத் தாண்டிய பிறகு எனக்குத் துப்பாக்கியை விட்டுக்கொடுக்க ஆரம்பித்தார் என்று நான் நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? தங்கச்சிக்குப் போன் போட்டு, "உங்க அத்தான் திருந்திட்டாருட்டி" என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

துப்பாக்கி என்றதும் யாரும் பயப்பட வேண்டாம். வீடியோ கேம் துப்பாக்கிதான்.

ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் எங்களுக்கு ஒரு சின்ன லாட்ஜ் இருக்கிறது. மாமனார் கட்டியது. ஆனி, ஆடியில் சாரல் பிடித்துவிட்டால் மூச்சுவிட நேரமிருக்காது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வருகிற கூட்டத்துக்குச் சாவி கொடுக்கவும் தலையணை உறை மாற்றவுமே பொழுது போய்விடும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சாமிமார் வருவார்கள். மற்ற மாதங்களில் அருவியில் வெறும் பாறை தெரியும், ரோட்டின் நடுவில் நாய் படுத்திருக்கும், நாங்கள் இரண்டு பேரும் வரவேற்பறையில் உட்கார்ந்து ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருப்போம். எத்தனை நேரம்தான் பார்ப்பது? எங்கள் மகள் வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போனபோது தன்னுடைய கேம் மெஷினை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். "சும்மா சண்டை போட்டுக்கிட்டு இருக்கதுக்கு இதுலயாவது சண்டை போடுங்க" என்று அவள்தான் அந்த விளையாட்டைப் போட்டுக் காட்டினாள்.

ஏதோ ஒரு காய்ந்த கிரகம். அங்கே புதையல் இருக்கிறதென்று உலகத்துக் களவாணிகள் எல்லாம் வந்து சேர்ந்திருப்பார்கள். முகமூடி போட்டவன் எவனாவது கத்திக்கொண்டே ஓடி வருவான். சுட்டால், சாகிற நேரத்திலும் ஒரு நக்கல் பேசிவிட்டுத்தான் சாவான். நாம் செத்தாலும் விடமாட்டார்கள். ஒரு கம்பெனி மெஷின் நம்மைப் புதிதாகச் செய்து அனுப்பும், அதற்குக் கட்டணமும் பிடித்துக்கொண்டு, மறுபடியும் சீக்கிரம் செத்து வாருங்கள் என்கிற தினுசில் ஒரு குரல் நன்றி சொல்லும். மகள் அதற்கு அர்த்தம் சொன்னபோது இவருக்கு டீ புரையேறிவிட்டது. "நம்ம லாட்ஜுலயும் இப்படி ஒரு போர்டு எழுதி மாட்டணும்ட்டி" என்றார்.

எனக்கு அந்தச் சாவும் சிரிப்பும் பெரிதாகப் படவில்லை. எனக்குப் பிடித்தது பொறுக்குவது. சுட்டவனிடமிருந்து துப்பாக்கி விழும், உடைத்த பெட்டியிலிருந்து விழும், கக்கூஸ் மூடியைத் திறந்தால் அதற்குள்ளிருந்தும் வரும். வெள்ளை நிறத்தில் வந்தால் குப்பை. பச்சை, நீலம், ஊதா என்று தரம் ஏறிக்கொண்டே போகும். ஆரஞ்சு வந்துவிட்டால் அதுதான் உச்சம், விழுந்த இடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு வெளிச்சம் தூண் மாதிரி நிற்கும். ஒவ்வொரு ஆரஞ்சுத் துப்பாக்கியிலும் ஏதாவது ஒரு கிண்டல் வாசகம் எழுதியிருக்கும்.

எங்களுக்கு அதில் இவ்வளவு ஆசை வந்ததற்குக் காரணம் உண்டு. லாட்ஜில் யாராவது மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைத் தொடக்கூடாது என்பது மாமனார் போட்ட சட்டம். ஒற்றைச் செருப்பாக இருந்தாலும் எடுத்து அலமாரியில் வைத்து, அடுத்த சீசன் வரைக்கும் காத்திருக்க வேண்டும். ஆள் காலி செய்ததும் இவர்தான் ரூமுக்குள் போய்ப் பார்ப்பார். கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், குளியலறை ஆணியில் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றினால் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. தண்ணீர் போகிற ஜல்லடையில் மாட்டிக் கிடந்த குட்டிக் கம்மலைக்கூட எடுத்துக் கொடுத்திருக்கிறார். இப்படி ஆயுசு முழுக்க அடுத்தவர் பொருளை எடுத்து எடுத்துக் கொடுத்த எங்களுக்கு, கேட்பாரில்லாமல் கிடக்கிற பொருளை அள்ளிப் பையில் போட ஒரு கிரகமே கிடைத்தது. விடுவோமா?

அதனால் சண்டைக்குப் பஞ்சமே இல்லை. டிவி திரை இரண்டாகப் பிரியும். மேல் பாதி என்னுடையது, கீழ்ப்பாதி அவருடையது. முதலில் யார் பார்க்கிறாரோ அவருக்கே துப்பாக்கி என்று கடைசியில் ஒரு சட்டம் போட்டோம். அதில் எப்போதும் அவர்தான் ஜெயிப்பார். "ஏட்டி, ஆரஞ்சு, பாத்துட்டேன்!" என்று கத்திக்கொண்டே எனக்கு முன்னால் ஓடுவார். "நீங்க என்ன மனுஷனா, பருந்தா?" என்று நான் வைவேன். முதல் பாகத்தை முடித்தோம், இரண்டாவது பாகத்தையும் முடித்தோம். சீசன் வந்தால் மெஷினைத் துணி போட்டு மூடிவிடுவோம், கூட்டம் வடிந்ததும் திறப்போம்.

மூன்றாவது பாகத்தில்தான் அவர் மாறினார். ஆரஞ்சு விழும், அதன் பக்கத்திலேயே நடந்து போவார், எடுக்கமாட்டார். முதல் தடவை ஏதோ ஞாபகத்தில் விட்டுவிட்டார் என்று நினைத்து ஓடிப்போய் எடுத்துக்கொண்டேன். மறுபடியும் அப்படியே நடந்தது. விழுகிற நல்ல சாமான் எல்லாம் எனக்கே வந்தது. நான் எடுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வெளியில் சொல்லத் தெரியாத மனுஷன், இப்படியாவது காட்டுகிறாரே என்று நினைத்தேன். அன்றைக்கெல்லாம் அவர் கேட்காமலே உளுந்த வடை போட்டுக் கொடுத்தேன்.

நாற்காலியையும் பின்னால் தள்ளிக்கொண்டே போனார். டிவிக்கு எதிரே இருந்தவர், கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, சாவி மாட்டுகிற பலகைக்குக் கீழே சுவரோடு ஒட்டி உட்கார்ந்தார். "இங்கன இருந்து பாத்தாத்தான் முழுசாத் தெரியுது" என்றார். வயசானால் எட்டப் பிடித்துத்தானே பேப்பர் படிக்கிறோம், அது மாதிரி என்று விட்டுவிட்டேன். விளையாட்டில் பக்கவாட்டிலிருந்து வருகிறவன் எல்லாம் அவரைப் போட்டுத் தள்ளினான். விழுந்தவரின் பக்கத்தில் போய்ப் பட்டனை அழுத்திப் பிடித்தால் எழுப்பிவிடலாம். எழுப்பி எழுப்பி எனக்குக் கை ஓய்ந்துபோகும். "கண்ணைப் பொடதியிலயா வச்சிருக்கீங்க?" என்று கேட்டுச் சிரிப்பேன். அவரும் சிரிப்பார்.

அந்த வருஷச் சாரலில் கேரளாவிலிருந்து ஒரு குடும்பம் வந்து தங்கியது. காலி செய்துவிட்டுச் செங்கோட்டை தாண்டியதும் போன் வந்தது. குளியலறையில் சங்கிலியைக் கழற்றி வைத்தேன், இருக்கிறதா பாருங்கள் என்று அந்தம்மா அழுதாள். இவர் ஏற்கெனவே ரூமைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். போனில் ஆணியடித்த மாதிரி சொன்னார்: "ஒண்ணும் இல்லம்மா. நான் பாத்துட்டேன்."

அவர்கள் திரும்பி வந்தார்கள். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அந்தம்மாவின் புருஷன் இவர் சட்டையைப் பிடிக்காத குறை. நான் விறுவிறுவென்று ரூமுக்குள் போனேன். குளியலறைக்குள் காலை வைத்ததுமே வலது கைப்பக்கம் ஆணியில் சங்கிலி தொங்கியது. மறைவில் இல்லை, எல்லோரும் துண்டு போடுகிற ஆணியில். எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தால் அந்த மனுஷன் வாங்கிக்கொண்டே, இவ்வளவு நேரம் இல்லாதது இப்போது எங்கிருந்து வந்தது என்று மலையாளத்தில் கேட்டார். கூடியிருந்தவர்கள் இவரைப் பார்த்தார்கள். பக்கத்து லாட்ஜ் அண்ணாச்சிகூடக் கீழே பார்த்தார். ஒற்றைச் செருப்பைக் காத்து வைத்திருந்த குடும்பத்தை அன்றைக்குக் களவாணி என்றுதான் நினைத்துவிட்டுப் போனார்கள்.

எல்லோரும் போன பிறகு இவர் மெதுவாகக் கேட்டார்.

"எங்கன இருந்துச்சு?"

"உள்ள நுழைஞ்சதும் வலப்பக்க ஆணியில."

மறுபடியும் அந்தக் குளியலறைக்குள் போனார். நான் பின்னாலேயே போனேன். நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கழுத்தைத் திருப்பினார், இன்னும் திருப்பினார், தோளையும் சேர்த்து முழுக்கத் திருப்பின பிறகுதான் அந்த ஆணியைக் கண்டார். கையை நீட்டித் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸுக்கே கிளம்பினோம்.

திருநெல்வேலியில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு இருட்டறையில் அவர் தாடையை ஒரு கட்டையில் வைக்கச் சொல்லி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். எங்கேயாவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். நான் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். பட்டன் அழுத்துகிற சத்தம் எனக்குப் பழக்கமானது. பல வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட சத்தம் அது. இந்த மனுஷன் என்ன வேகத்தில் அழுத்துவார் என்று எனக்குத் தெரியாதா? ஒரு தடவை கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அழுத்துங்களேன், அழுத்துங்களேன் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கண்ணில் பிரஷர் என்றார் டாக்டர். வலி இருக்காதாம், பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே நடுவுக்கு வருமாம். போனது போனதுதான், இருக்கிறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். தள்ளி உட்கார்ந்தால் டிவி சின்னதாகி, மிச்சமிருக்கிற பார்வைக்குள் அடங்கும், அதனால்தான் நாற்காலி பின்னால் போயிருக்கிறது என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"ஏன் இத்தனை நாளும் சொல்லல?" என்று வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கே தெரியாதேட்டி. தெரியாம இருக்கது ஒண்ணு இருக்குன்னு எப்படித் தெரியும்?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டைக் காட்டி அவரை உட்காரச் சொன்னேன். "நீ உக்காரு. பக்கத்துல போறது எனக்கு என்ன தெரியப்போவுது" என்று என்னை உள்ளே தள்ளினார். ஆலங்குளம் தாண்டும் வரை வாயை அடக்கிக்கொண்டு வந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"அப்போ அந்த ஆரஞ்சு எல்லாம்?"

"எந்த ஆரஞ்சு?"

விழுந்ததே அவருக்குத் தெரியாது. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். எனக்காக விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்ததையும், தங்கச்சியிடம் சொன்னதையும், வடை சுட்டதையும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"சரியான கோட்டிக்காரிட்டி நீ. என்னைப் பத்தி உனக்குத் தெரியாதாக்கும்? கண்ணு தெரிஞ்சிருந்தா ஒண்ணையாவது உன்னைத் தொட விட்டிருப்பேனா?"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பி, தென்காசி வரும் வரைக்கும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் எனக்கு அன்பு காட்டினார் என்று நான் சந்தோஷமாக இருந்த நாளெல்லாம் அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? தங்கச்சியிடம் இன்றுவரை சொல்லவில்லை.

மருந்து போட்டோம், ஆபரேஷன் செய்தோம். இடது கண் கேட்கவே இல்லை. வலது கண்ணில் நடுவில் கொஞ்சம் இருக்கிறது. பைப்புக்குள் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்கிறார், அதுவும் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு வருகிறது. இப்போது ஆள் காலி செய்தால் ரூமைப் பார்ப்பது நான்தான். அவர் வாசல்படியில் நின்றுகொண்டு, "கட்டிலுக்கு அடியில பாத்தியா? ஆணியைப் பாத்தியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பார்த்ததையும் இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் பூட்டுவேன்.

மெஷினை மூடியே வைத்திருந்தேன். போன ஐப்பசியில் மகள் வந்து, புதிதாக வந்த நாலாவது பாகத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்குத் தொட மனசில்லை. அவர்தான் ஒரு மத்தியானம், "எடுட்டி, பாப்போம். நீ சொல்லு, நான் சுடுதேன்" என்றார்.

நாற்காலி சுவரோடுதான் கிடந்தது. நான் அதை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். என் பாதித் திரையையும் பார்த்துக்கொண்டு அவர் பாதிக்கும் வழி சொன்னேன். இடது பக்கம் திரும்புங்க, இன்னும், நிப்பாட்டுங்க, சுடுங்க. முக்கால்வாசி சுவரைத்தான் சுட்டார். நொடிக்கொரு தரம் விழுந்தார். விழுந்தால் திரை மங்கி இருண்டுகொண்டு வருமே, "இது நல்லாருக்கே, எனக்கு எப்பவும் இப்படித்தான் தெரியுது" என்றார். அதற்கு நான் சிரித்திருக்க வேண்டும். முடியவில்லை. ஓடிப் போய்ப் பட்டனை அழுத்திப் பிடித்து எழுப்பிவிட்டேன்.

ஒரு பெரிய பூதம் மாதிரி ஒன்றை நான் ஒருத்தியாகவே சுட்டுத் தள்ளினேன். அது விழுந்ததும் சலசலவென்று சாமான் கொட்டியது.

"ஏட்டி, ஆரஞ்சு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தெரியுதா உங்களுக்கு?"

"சத்தம் கேட்டுச்சுல்லா. ஆரஞ்சு விழுந்தா தனிச் சத்தம். இத்தனை நாளா நீ அதைக் கவனிக்கலயா?"

இருந்தது. அவருடைய ஆளுக்கு வலப்பக்கம், இரண்டு எட்டில், ஆரஞ்சு வெளிச்சம் நின்றுகொண்டிருந்தது. எனக்கு எப்படியாவது அதை அவர் கையில் சேர்த்துவிட வேண்டும் என்று ஆகிவிட்டது.

"நீங்கதான் முதல்ல கண்டுபிடிச்சீங்க. சட்டப்படி உங்களுக்குத்தான். பைய வலது பக்கம் திரும்புங்க."

அவர் திரும்பவில்லை. கையில் இருந்த கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டார்.

"வேண்டாம். நீ எடு."

"ஏங்க, பக்கத்துலதான் இருக்கு. நான் சொல்லுதேன்லா."

"அது தெரியும்ட்டி. இந்தத் தடவை தெரிஞ்சேதான் விட்டுக்கொடுக்குதேன். உன் தங்கச்சிக்குப் போனைப் போட்டுச் சொல்லு."

கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, "எடுத்தாச்சா?" என்று கேட்டார்.

"எடுத்தாச்சு" என்றேன். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது எங்கே கிடக்கிறது என்று திரையில் தேட ஆரம்பித்தேன்.