உள்பக்கத் தாழ்ப்பாள்

“இந்த வேலையில் ஒரு கம்ப்ளெயிண்ட் வந்தாலும் லைசென்ஸில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். கலாஸ்.”

எனக்கு ஸ்பான்சராக நிற்கிற அரபி, என் கஃபீல், காலையில் போனில் இவ்வளவுதான் சொன்னார். கலாஸ் என்றால் பேச்சு முடிந்தது. அல் குசைஸில் என் மரப்பட்டறை அவர் கையெழுத்தில்தான் நிற்கிறது. அது இல்லையென்றால் பட்டறையைப் பூட்டிவிட்டு நானும் என் ஆட்களும் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். நாலாம் கிளாஸ் தாண்டாதவன் நான். ஹெல்பராக வந்து, லேபர் கேம்ப்பில் படுத்து, இழைப்புளியைப் பிடித்து இந்த ஊரில் ஒரு பட்டறை போட்டவன். எத்தனை பெரிய ஓட்டலுக்குக் கதவு போட்டிருக்கிறேன் என்று கேட்டால் மூச்சு வாங்கும். அப்படிப்பட்ட நானே போனை வைத்ததும் நேராக வேலை நடந்த இடத்துக்கு ஓடினேன்.

வேலை ஒரு மியூசியத்தில். உலகத்தில் யார் யார் எப்படிச் சாமி கும்பிடுகிறார்கள் என்று காட்டுகிற ஹால். அதில் ஐரோப்பாவில் இருக்கிற ஒரு பழைய கன்னியர் மடத்தின் ஒரு சுவரையும் கதவையும் நாங்கள் ஓக் மரத்தில் அச்சு அசலாகச் செய்து நிறுத்தியிருந்தோம். சாயங்காலம் திறப்பு விழா. பெரிய இடத்து ஆட்கள் வருகிறார்கள். அதற்கு முன்னால் அந்த மடத்திலிருந்தே ஒரு சிஸ்டர் வந்து பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும்.

மத்தியானத்துக்கு முன்னாடியே வந்துவிட்டார். கறுப்பு அங்கி, வயசு என்னைவிடக் கூட இருக்கும். மடியில் ஒரு மரப்பெட்டியை வைத்துக்கொண்டு வீல்சேரில் உட்கார்ந்திருந்தார். தள்ளிக்கொண்டு வந்தவர் மியூசியம் ஆபீசர், மலையாளி, தமிழ் நன்றாகப் பேசுவார்.

சிஸ்டர் சுவரில் இருந்த படங்களைக் காட்டிக் காட்டிப் பேச, ஆபீசர் எனக்கும் என் ஆசாரிக்கும் தமிழில் சொன்னார். பெனடிக்ட் சபை மடமாம். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் எழும்பிக் கொஞ்ச காலத்துக்கு அப்புறம், ஒரு ஜமீன்தாரின் விதவை கட்டியது. இரண்டு தடவை தீப்பிடித்து எரிந்தது. கொள்ளை நோய் வந்து விரல்விட்டு எண்ணக்கூடிய பேர்தான் மிஞ்சினார்கள். மறுபடி கூரை போட்டார்கள், மறுபடி பாடினார்கள். இன்றைக்கும் சிஸ்டரோடு கொஞ்சம் பேர் அங்கேயே இருக்கிறார்கள். பெட்டிக்குள் இருந்தது ஒரு கைமணி. ஒவ்வொரு வேளை ஜெபத்துக்கும் அடிக்கிற மணி. அதை வைக்கத்தான் எங்கள் கதவுக்குப் பின்னால் ஒரு மாடம்.

பேசிக்கொண்டே வந்தவர் கதவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். வீல்சேரிலிருந்து எழுந்தே விட்டார். தாழ்ப்பாளைத் தொட்டார், கையை வெடுக்கென்று எடுத்தார். ஆபீசரிடம் என்னவோ சொன்னார். ஆபீசர் முகம் செத்துப் போயிற்று.

“யாரு இந்தத் தாழ்ப்பாளை வெளியே போட்டது?”

“நாந்தான் போடச் சொன்னேன்.”

“டிராயிங்ல உள்ளே இருக்கே!”

“இருந்துச்சு. வரைஞ்சவன் தூக்கத்துல வரைஞ்சிட்டான்னு நெனச்சேன். பொம்பளைங்களை உள்ளே வச்சு அடைக்கிற இடம். தாழ்ப்பாள் வெளியதானே இருக்கும்?”

நான் படத்தைப் பார்த்தே வேலை முடிக்கிறவன், கீழே இங்கிலீஷில் எழுதியிருப்பதை எல்லாம் பார்ப்பதில்லை. என்னோடு இருந்த ஆசாரியும் அப்படித்தான் யோசித்தான். நாங்கள் இரண்டு பேரும் இருந்த முதல் கேம்ப்பில் கேட்டை வாட்ச்மேன் வெளியிலிருந்துதான் பூட்டுவான். அடைத்து வைப்பதென்றால் எங்களுக்கு அதுதான் தெரியும்.

சிஸ்டர் மெதுவாகப் பேசினார். ஆபீசர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். “அங்கே யாரும் யாரையும் அடைக்கலையாம். அவங்களே உள்ளே போய், அவங்களே தாழ் போட்டுக்குவாங்க. ஒரே ஒரு காலத்துலதான் வெளியே தாழ்ப்பாள் இருந்துச்சு. பட்டாளத்துக்காரங்க கன்னியரை எல்லாம் வெரட்டிட்டு மடத்தை ஜெயிலாக்கினப்போ. அப்போ இந்த மணியை ஒருத்தங்க கோழிக்கூட்டுக்கு அடியில பொதைச்சு வச்சாங்களாம். நீங்க செஞ்சிருக்கிறது மடம் இல்லை, அந்த ஜெயில். ஜெயிலுக்குள்ளே மணியை வைக்க மாட்டேங்கிறாங்க.”

“மணி இல்லேன்னா?”

“ஹாலே இல்லை. கம்ப்ளெயிண்ட் உங்க பேர்ல.”

ஆசாரி என்னைப் பார்த்தான். “அண்ணே, கழட்டி உள்ளே மாட்டிருவோம்.”

“மிஷின் வைக்கக் கூடாது,” என்றார் ஆபீசர். “பக்கத்துல கண்ணாடிப் பெட்டி எல்லாம் தெறந்து கிடக்கு. தூசி ஒரு பொட்டு போகக் கூடாது.”

தாழ்ப்பாளை மாற்றுவது பெரிதில்லை. அதன் நாக்கு போய் உட்கார உள்பக்க நிலையில் ஒரு குழி வேண்டும். ஓக் மரம் இரும்பு மாதிரி. ஈரத் துணியை விரித்து, உளியாலேயே வெட்ட வேண்டும். கொஞ்சம் பிசகினால் நிலை பிளந்துவிடும், மாற்று நிலை கிடையாது. ஆசாரி உளியை வைத்தான், எடுத்தான், மறுபடி வேறு இடத்தில் வைத்தான்.

“இந்தா, குடுடா.”

“அண்ணே, நீங்க உளி பிடிச்சு எத்தனை வருசம் ஆச்சு?”

“நீ பொறக்கிறதுக்கு முன்னாடி பிடிச்ச கை இது. தள்ளு.”

முட்டிபோட்டு உட்கார்ந்தேன். பொழுது சாயச் சாய ஆபீசருக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. “கெஸ்ட் கிளம்பிட்டாங்களாம், சீக்கிரம் சேட்டா!” நான் நிமிரவில்லை. ரேகை ஓடுகிற பக்கம் பார்த்து, சீவல் சீவலாக எடுத்தேன். ஒரு இடத்தில் ‘டிக்’ என்று சத்தம் கேட்டது. உளியை எடுத்தேன். விரலால் தடவிப் பார்த்தேன். பிளக்கவில்லை. இந்தக் கையால் ஆகாத வேலை ஒன்று இன்னும் பிறக்கவில்லை.

தாழ்ப்பாளை உள்ளே மாட்டினோம். வெளியே பழைய ஆணித் துவாரங்கள் தெரிந்தன. ஆசாரி மரப்பசையைக் குழைத்து அடைக்கப் போனான். சிஸ்டர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அடைக்க வேணாமாம்,” என்றார் ஆபீசர், அவருக்கே புரியாமல். “ஜெயில் தாழ்ப்பாளைப் பிடுங்கின துவாரம் அசல் கதவுலயும் இருக்காம். மடத்துல அதை இன்னிக்கு வரைக்கும் யாரும் அடைக்கலையாம்.”

சிஸ்டர் பெட்டியை எடுத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி வாசலைத் தாண்டினார். என்னை வெளியே போகச் சொல்லிக் கை காட்டினார். கதவு மூடியது. தாழ்ப்பாள் குழிக்குள் போய் விழுகிற சத்தம் கேட்டது.

நின்றோம். கதவு திறக்கவில்லை.

“என்ன பண்றாங்க? வண்டி வாசலுக்கு வந்தாச்சு!” ஆபீசர் கதவைத் தட்டக் கையை ஓங்கினார். நான் குறுக்கே நின்றேன்.

“தட்டாதீங்க.”

“உங்க லைசென்ஸ்தான் போகும், சேட்டா.”

“தெரியும். தட்டாதீங்க.”

உள்ளே மணி அடித்தது. சின்னச் சத்தம்தான். அப்புறம் அந்த அம்மாவின் குரல், ஒற்றைக் குரலாக ஏதோ பாடியது. அவர்களுடைய சாயங்கால ஜெபம். ஹாலுக்கு வெளியே ஆட்கள் பேசிக்கொண்டு வருவது கேட்டது. ஆபீசர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஆசாரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

தாழ்ப்பாள் விலகியது. சிஸ்டர் வெளியே வந்தபோது கையில் பெட்டி காலி. மாடத்தில் மணி இருந்தது. என்னிடம் இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொன்னார். ஆபீசரைப் பார்த்தேன்.

“நல்லா விழுதாம், தாழ்ப்பாள்.”

“விழாம?” என்றேன்.