சின்னம்மாவின் பொக்கெட்

இறந்துபோன சின்னம்மா வீட்டில் உடுத்திய பழைய சோட்டிகளை வெட்டி, அவருடைய மகள் சுதாவுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒட்டுப்போர்வை தைப்போம் என்று ஆரவாரமாகச் சொன்னது நான்தான். தாய் போனதிலிருந்து சுதா அவருடைய உடுப்பு அலுமாரியைத் தொட்டதில்லை. இன்று திறந்தாள். ஆனால் கத்தரியைக் கண்டதும் முகம் வாடிவிட்டது.

“வெட்டத்தான் வேணுமா அக்கா?”

அடியில் கிடந்த பச்சைப் பூச்சோட்டியை எடுத்தேன். என் கை தானாக அதன் பொக்கெட்டுக்குள் போனது.

செங்கலடிச் சந்தை. அப்போது எனக்கு ஐந்து வயது. எங்கும் கருவாட்டு வாசம்.

“என்னகா, சோட்டியோடயா சந்தைக்குப் போறாய்?” என்று அம்மா கத்துவார்.

“சந்தையில எனக்கென்ன கலியாணமா?” என்றபடி சின்னம்மா நடந்துவிடுவார். இரண்டு கையிலும் பை நிறைந்ததும் என்னைப் பார்ப்பார். “பொக்கெட்டுக்குள்ள கையப் போடு மகள், துலைஞ்சிடாத.”

உள்ளே கசங்கிய பஸ் டிக்கெட்டும் புளிப்பு டொபியும் கிடக்கும். துணிக்கு அந்தப் பக்கம் அவருடைய பெரிய, சூடான வயிறு. ஒருநாள் அந்த வயிறு என் கையை உதைத்தது. நான் அலறிய அலறலில் மீன்காரர்கூடத் தராசை விட்டுவிட்டுச் சிரித்தார்.

இதைச் சொன்னதும் சுதா நிமிர்ந்தாள்.

“உதைச்சது நானா?”

“வேற ஆரு?”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சோட்டியைத் தன் வயிற்றின்மேல் விரித்துப் பார்த்தாள். பிறகு கத்தரியை என்னிடமிருந்து பறித்து, பொக்கெட்டைச் சுற்றித் தானே வெட்டத் தொடங்கினாள்.

“இது நடுவில வரட்டும் அக்கா. மத்ததெல்லாம் சுத்திவரத் தைப்பம்.”