காற்றுக்கு இடம் விடாதவர்

என் அக்கா புருஷனை எல்லோரும் அடைசல் என்றுதான் சொல்வார்கள். நான் மாமா என்று கூப்பிடுவேன், வேறு வழியில்லாமல். காலியாக ஓர் இடத்தைக் கண்டால் அந்த மனிதருக்குக் கை அரிக்கும். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக இடுப்பை நுழைப்பார். டம்ளரில் தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிய வேண்டும். சட்டைப்பையில் சாவி, பீடி, மூக்குச் சிந்திய துணி, பாதி கடித்த பிஸ்கட் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். அதற்குள் விரலை விட்டுத் துழாவி, அந்த பிஸ்கட்டை ஒருமுறை எனக்கே நீட்டினார். சீ என்று ஆகிவிட்டது.

வீடு இரண்டே அறை. முன்னறையில் சமையல். உள்ளறையில் போன வருஷப் பருத்தியும் அதற்கு முந்தின வருஷப் பருத்தியும் மூட்டை மேல் மூட்டையாக ஓடு வரைக்கும் ஏறி நிற்கும். வியாபாரி பிரித்துப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டுப் போன சரக்கு அது. விலை ஏறட்டும் என்று வைத்திருப்பதாக மாமா சொல்லிக்கொள்வார். அந்த மூட்டைகளுக்கு நடுவில்தான் அக்காவின் கயிற்றுக் கட்டில். ஒருக்களித்து நுழைந்தால்தான் அதில் போய்ப் படுக்க முடியும். ஜன்னல் ஒன்று இருந்தது, மூட்டைக்குப் பின்னால். எலி மூத்திரமும் மக்கிய பஞ்சும் சேர்ந்து அடிக்கிற நாற்றத்தில் எனக்கு வாசலிலேயே குமட்டும்.

அக்காவுக்கு முதலில் இருமல்தான் வந்தது. அப்புறம் அது இழுப்பாக மாறியது. இந்தம்மாவுக்கு மருந்தைவிடக் காற்றுதான் முக்கியம், முதலில் அந்த அறையைக் காலி பண்ணுங்கள் என்று டாக்டர் மாமாவிடம் நேருக்கு நேராகச் சொன்னார். மாமா நன்றாகத் தலையாட்டினார். இந்த வருஷம் பருத்தி பிரமாதமாக வரும், லாரி வயலுக்கே வரும், அதோடு பழையதையும் தள்ளிவிட்டு அறையைக் காலி செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அக்கா அந்த ஒரு விளைச்சலை நம்பித்தான் அங்கே படுத்துக் கிடந்தாள்.

பக்கத்து வயல்காரர் முந்தின வருஷம் செடியை நெருக்கி விதைத்து நல்ல மகசூல் எடுத்திருந்தார். அவர் போட்டது குட்டையாக, நிமிர்ந்து, பக்கக் கிளை அதிகம் விடாமல் வளர்கிற ரகம். அது நெருக்கத்தைத் தாங்கும். மாமா வாங்கி வந்ததோ ஆள் உயரம் வளர்ந்து நாலு பக்கமும் கிளை பரப்புகிற ரகம். பக்கத்து வயலில் இவர் இடைவெளியை மட்டும் பார்த்தார், செடியைப் பார்க்கவில்லை. வரிசைக்கு நடுவில் ஆள் தாராளமாக நடக்கிற மாதிரி விடுங்கள் என்று விதைக்கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பக்கத்து வயலைவிடவும் நெருக்கமாக ஊன்றினார். நான் போய்க் கேட்டேன்.

"காத்துக்கும் வெயிலுக்கும் நான் எதுக்கு எடம் விடணும்? அதுங்களா எனக்குப் பஞ்சு தரப்போகுது?" என்றார்.

இந்த மூளையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? முளை இரண்டு இலை விட்டதும் அக்காவும் நானும் பயிர் கலைக்க இறங்கினோம். ஒரே குழியில் முளைத்த குத்துக்கு ஒரு செடியை விட்டு மற்றதைப் பிடுங்கினோம். ரொம்ப நெருக்கமான இடங்களில் குத்தையே எடுத்தோம். அக்கா பத்துச் செடிக்கு ஒருமுறை உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். முடித்துத் திரும்பிப் பார்த்தபோது மண் தெரிந்தது, வயல் வயல் மாதிரி இருந்தது. அக்கா வெகு நாளைக்கு அப்புறம் சிரித்தாள்.

அடுத்த வாரம் போனால் நாங்கள் விட்ட இடைவெளியிலெல்லாம் புதுசாக முளை! பொத்தல் பொத்தலாக இருந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை, அதனால் விதையை ஊறவைத்து ஊன்றிவிட்டேன் என்று மாமா ஈயென்று இளித்தார். பெண்டாட்டி மூச்சுத் திணறத் திணறப் பிடுங்கிய இடம் அது.

அப்புறம் நடந்தது சொல்ல நன்றாக இருக்காது. செடிகள் வெயிலுக்குப் போட்டி போட்டு ஒல்லியாக உயரமாக ஓடின. மேலே இலை மூடிக்கொண்டது. கீழே நடுப்பகலிலும் ஈரம் காயவில்லை. வெள்ளை ஈ அடை அடையாக வந்தது. அது கழிக்கிற இனிப்புத் தண்ணீர் இலையெல்லாம் பிசுபிசுவென்று வடிந்து, அதன் மேல் கரிப்பூஞ்சை படிந்தது. மருந்து அடித்தால் உள்ளே இறங்கவில்லை. மாமா மட்டும் வரப்பில் நின்று, ஒரு ஈ நுழைய இடமிருக்கிறதா பார் என்று பெருமை பேசினார். ஈயெல்லாம் உள்ளேதானே இருந்தது!

பருத்தி எடுக்க ஆட்களைக் கூட்டிப்போவது என் தொழில். அக்காவுக்காக என் ஆட்களை அங்கே இறக்கினேன். வரிசைக்குள் நடக்க முடியவில்லை, பிளந்துகொண்டுதான் போக வேண்டும். சேலையெல்லாம் கருப்புப் பசை. உச்சியில் நாலு காய் நன்றாக வெடித்திருந்தது. கீழே தொட்ட காயெல்லாம் கொழகொழவென்று விரலுக்குள் நசுங்கிப் பழுப்புத் தண்ணீர் விட்டது. ஒன்றுக்குள் புழு நெளிந்து என் நகத்தில் ஏறியது. கையை மண்ணில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், நாற்றம் போகவில்லை. பாதிப் பெண்கள் சோறு இறங்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

நல்லதைத் தனியாகக் கட்டினோம், களத்தில் ஒரு மூலைக்குத்தான் வந்தது. அழுகலைக் கொட்டி எரிக்கத் தனிச் சாக்கில் போட்டோம். லாரி வரவில்லை. வியாபாரி மொபெட்டில் வந்து, அந்த மூலையில் இருந்த நல்ல மூட்டையை மட்டும் விலை பேசிவிட்டு, பழையதைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா என்ன செய்தார் தெரியுமா? எரிக்க வைத்திருந்த சாக்குகளையும் வண்டியில் ஏற்றி, ஈரத்தோடு கொண்டுவந்து முன்னறையில் இறக்கினார். காய்ந்தால் எதற்காவது ஆகும் என்றார்.

அக்கா அடுப்பை அணைத்தாள். கூச்சல் போடவில்லை, கூச்சல் போட மூச்சு ஏது.

"எனக்கு மூச்சு விட எடமில்லங்க. நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

மாமா சாக்கை அடுக்கிக்கொண்டே உம் என்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தேன். என் வீட்டில் ஜன்னலோரம் தரையில் பாய் விரித்துப் படுத்தவள் மறுநாள் வெயில் ஏறும் வரை எழுந்திருக்கவில்லை. பயந்துபோய் மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்த்தேன். அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய கட்டிலையும் துணிமணியையும் எடுக்க நான் திரும்பப் போனேன். கட்டில் வாசலிலேயே சுவரில் சாய்ந்து நின்றது. துணியெல்லாம் அதன் காலில் மூட்டையாகக் கட்டித் தொங்கியது. பரவாயில்லையே, எடுத்து வைத்திருக்கிறாரே என்றுகூட ஒரு நொடி நினைத்துவிட்டேன். உள்ளே எட்டிப் பார்த்தேன். கட்டில் கிடந்த இடத்தில் அழுகல் சாக்குகள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. அடியில் பழுப்புத் தண்ணீர் கசிந்து வாசற்படி வரை வந்திருந்தது. மாமா வேர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அவ எப்ப வருவா?"

"வந்தா எங்க படுப்பா மாமா?"

அவர் திரும்பி அறையைப் பார்த்தார். தரையிலிருந்து ஓடு வரை நிதானமாகப் பார்த்தார். முகத்தில் நிஜமாகவே வருத்தம் தெரிந்தது.

"முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு இடுக்கு விட்டிருப்பேனே" என்றார்.

நான் கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.